பெயரை நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். பிசகாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்கள் மகள் அமெரிக்காவில் பள்ளிப் படிப்பின் கடைசிக்கு முந்தைய ஆண்டில் இருக்கிறாள், கூடைப்பந்து நன்றாக ஆடுகிறாள். நடுத்தரமான ஒரு கல்லூரி அவளுக்கு உதவித்தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறது. அங்கே பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இந்த ஆண்டுதான் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். ஆடியதற்குப் பதக்கங்கள் உண்டு, பயிற்சி கொடுத்த அனுபவம் இல்லை. நீங்கள் தயங்கியபோது, "டான் ஸ்டேலிக்கும் அனுபவம் இல்லாமல்தானே வேலை கொடுத்தார்கள்? இன்று அவர் எங்கே இருக்கிறார் பாருங்கள்" என்று கல்லூரித் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள். (ஸ்டேலி, ஆட்டக்காரராக இருந்து அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆனவர்.) சிறந்த ஆட்டக்காரர் சிறந்த பயிற்சியாளர் ஆவாரா என்று பொதுவாகக் கேட்டிருந்தாலும், உங்கள் மனத்தில் இருப்பது அதைவிடச் சிறிய, அதைவிடக் கனமான கேள்வி என்று நினைக்கிறேன். இந்தப் பெயரை நம்பி மகளின் நான்கு ஆண்டுகளை ஒப்படைக்கலாமா என்பதுதானே அது? அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியின் உடற்கல்வித் துறையில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி பெண்கள் கூடைப்பந்து அணியோடு போனது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தை ஒரு பைத்தியம் போலத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அங்கே வேலை பார்த்ததில்லை. ஆகவே களத்துக்குள் பயிற்சியாளர் செய்யும் வேலையைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். உதவித்தொகை விதிகளைப் பற்றிச் சொல்வதை மட்டும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த விதிகள் சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே இருக்கின்றன.

முதலில் ஸ்டேலியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உங்களிடம் காட்டிய துருப்புச்சீட்டு அதுதான். அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். டான் ஸ்டேலி 1970இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். நகரின் வடபகுதியில், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஐந்தடி ஆறங்குல உயரம்; கூடைப்பந்தில் அது குள்ளம். வர்ஜினியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1990, 1991, 1992 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் தன் அணியைக் கொண்டுபோனார். 1991 இறுதி ஆட்டத்தில் டென்னசியிடம் கூடுதல் நேரத்தில் 70-67 என்று தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தும் அந்தச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது. கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் சாம்பியன் பட்டம் மட்டும் ஆட்டக்காரராக அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. பிறகு 1996, 2000, 2004 என மூன்று ஒலிம்பிக் தங்கம். 2004இல் ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவர்தான்.

2000ஆம் ஆண்டு கல்லூரிப் பெண்கள் தேசியப் போட்டியின் கடைசிச் சுற்று அவருடைய ஊரான ஃபிலடெல்ஃபியாவிலேயே நடந்தது. அந்தச் சமயத்தில்தான் அதே ஊரின் டெம்பிள் பல்கலைக்கழகம் அவரை அணுகியது. பயிற்சியாளராகும் எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தொழில்முறை ஆட்டத்தை விடவும் இல்லை. கோடையில் பெண்களின் தொழில்முறைப் போட்டியான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடுவது, குளிர்காலத்தில் டெம்பிள் அணிக்குப் பயிற்சி கொடுப்பது என்று இரண்டு குதிரைகளில் 2006 வரை சவாரி செய்தார். முதல் ஆண்டு இன்னும் வேடிக்கை: செப்டம்பரில் சிட்னியில் ஒலிம்பிக் ஆட்டம், நவம்பரில் கல்லூரி சீசன். இதுவரை உங்களிடம் சொன்ன கதையோடு ஒத்துப்போகிறது.

சொல்லாத பாதி இனிமேல்தான். டெம்பிளில் எட்டு சீசன் இருந்தார். 172 வெற்றி, 80 தோல்வி. தங்கள் பிரிவின் பட்டத்தை நான்கு முறை வென்றார், தேசியப் போட்டிக்கு ஆறு முறை போனார். ஆனால் அந்த ஆறு முறையும் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. 2008இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. இரண்டாவது சீசனில் 14 வெற்றி, 15 தோல்வி. மூன்று ஒலிம்பிக் தங்கத்தோடும் எட்டு ஆண்டு அனுபவத்தோடும் போனவருக்கு இந்தக் கதி. நான்காவது சீசனில்தான் கடைசி 16 அணிகளுக்குள் வந்தார். 2017இல் டாலஸில் மிசிசிப்பி ஸ்டேட் அணியை 67-55 என்று வென்று முதல் தேசியப் பட்டத்தைக் கையில் வாங்கியபோது, தலைமைப் பயிற்சியாளராக அது அவருக்கு 17ஆவது சீசன். அதன்பின் வந்தவை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: 2022இல் ஒரு பட்டம், 2024இல் 38 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், நட்சத்திர ஆட்டக்காரர் கேட்லின் கிளார்க் ஆடிய அயோவாவை 87-75 என்று வென்று இன்னொரு பட்டம், இடையே 2021இல் டோக்கியோவில் அமெரிக்க அணியின் பயிற்சியாளராக ஒலிம்பிக் தங்கம். அனுபவமில்லாத ஸ்டேலிக்கு வேலை கிடைத்தது உண்மை. உங்களிடம் காட்டப்படும் ஸ்டேலி, அந்த வேலையிலேயே பதினேழு ஆண்டு படித்துத் தேறியவர். உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போவது முதல் ஆண்டு ஸ்டேலி. அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

இதனால் முதல் ஆண்டு ஸ்டேலி மோசம் என்று சொல்லவில்லை. டெம்பிள் பெண்களுக்கு அவரிடம் நிறையக் கிடைத்திருக்கும். ஆனால் அவர் தனியாக வேலை செய்யவில்லை என்பதையும் பாருங்கள். 2002இல் லிசா போயர் என்பவரை உதவிப் பயிற்சியாளராகக் கூட்டி வந்தார். பிராட்லி பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் போயர். அதற்குப் பிறகு, கொஞ்ச காலமே நடந்து மூடப்பட்ட ஏ.பி.எல். என்ற தொழில்முறைப் போட்டியில் ஸ்டேலி ஆடிய அணிக்கே பயிற்சியாளராக இருந்தார். ஆண்களின் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வில் உதவிப் பயிற்சியாளராக வேலை பார்த்த முதல் பெண் என்ற பெயரும் அவருக்கு உண்டு. யோசித்துப் பாருங்கள்: தனக்குப் பயிற்சி கொடுத்தவரையே தனக்கு உதவியாளராக அழைத்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். ஸ்டேலி தென் கரோலினா போனபோது போயரும் கூடவே போனார். தன்னிடம் இல்லாதது என்ன என்று தெரிந்து, அதை வைத்திருப்பவரைத் தேடிப் பிடிப்பது ஒரு தனித் திறமை. நட்சத்திரங்களில் பலருக்கு அது வாய்ப்பதில்லை, ஏனென்றால் பாராட்டு மட்டுமே கேட்டு வளர்ந்த காது அது.

ஆடுவதும் கற்றுக்கொடுப்பதும் ஏன் இரண்டு வேலைகள் என்பதை என் மைதானத்தில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் அணிக்கு ஒரு மாதப் பயிற்சி கொடுக்க, தேசிய அளவில் ஆடி முடித்த ஒரு பெண் வந்தார். பெயர் வேண்டாம், இன்றைக்கும் எனக்குத் தோழி. அவருடைய கிராஸ்ஓவர் அழகு: வலக்கையில் தட்டிக்கொண்டே வந்து, எதிரில் தடுப்பவர் சாய்ந்த நொடியில் பந்தை இடக்கைக்கு மாற்றிக் கடந்துபோய்விடுவார். முதல் நாள் அதைச் செய்து காட்டினார். பெண்கள் கைதட்டினார்கள். இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பெண், "அக்கா, எப்போது கை மாற்ற வேண்டும்?" என்று கேட்டாள். "பாரு, தெரியும்" என்று சொல்லி மறுபடியும் செய்தார். பத்து முறை செய்தார். பத்து முறையும் அந்தப் பெண் பார்த்தாள். பதினோராவது முறை அவள் முயன்றபோது பந்து தடுப்பவரின் முழங்காலில் பட்டு வெளியே ஓடியது. "எத்தனை தடவைதான் காட்டுவது?" என்று தோழிக்குக் கோபம் வந்துவிட்டது.

அன்று மாலை, எல்லாரும் போன பிறகு, அதையே மெதுவாக நடந்து செய்து காட்டச் சொல்லி அவரைக் கேட்டேன். அவரால் முடியவில்லை. வேகத்தைக் குறைத்ததும் கால் பின்னிக்கொண்டது. இருபது ஆண்டுகளாக உடம்பு செய்துவந்த ஒன்றை மனம் ஒரு நாளும் பார்த்ததே இல்லை. சிமெண்ட் படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் தன் ஆட்டத்தைத் தானே உளவு பார்ப்பவரைப் போல, தட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். நான்காம் நாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "பந்தைப் பார்க்காதே, என் முகத்தையும் பார்க்காதே. தடுக்கிறவளின் எந்தக் கால் முன்னால் இருக்கிறது என்று பார். எந்தக் கால் முன்னால் இருக்கிறதோ, அந்தப் பக்கமாகக் கட" என்றார். அவ்வளவுதான், மூன்று வாக்கியம். அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. தோழி பயிற்சியாளரானது அந்தக் காலையில்தான் என்று நான் இன்றும் சொல்வேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த மூன்று நாள் மௌனத்தைத் தாங்கிக்கொள்ளும் பொறுமை ஒரு நட்சத்திரத்துக்கு இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாங்க முடியாதவர் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைப்பு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இதை வைத்து அமெரிக்காவில் இந்தப் பாதையில் போன மற்றவர்களைப் பார்க்கலாம். கிம் மல்கியின் வழி ஸ்டேலிக்கு நேர் எதிர். லூசியானா டெக் அணிக்காக ஆடி இரண்டு தேசியப் பட்டங்கள், 1984இல் ஒலிம்பிக் தங்கம் என்று ஆட்டக்காரராகவே பெயர் எடுத்தவர். ஆனால் தலைமை இடத்துக்குத் தாவவில்லை. படித்த கல்லூரியிலேயே 15 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2000இல், ஸ்டேலி டெம்பிளுக்குப் போன அதே ஆண்டு, பேலர் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளரானார். ஐந்தாவது சீசனிலேயே, 2005இல், தேசியப் பட்டம். பிறகு 2012, 2019, அப்புறம் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய் 2023இல் நான்காவது. ஸ்டேலிக்கு 17ஆவது சீசனில் வந்தது இவருக்கு ஐந்தாவதில் வந்தது. உதவியாளராக இருந்த 15 ஆண்டுகளையும் கூட்டினால் இருவர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. இதை ஒரு சட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கணக்கைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது: தொழிற்கல்வியை முன்னாலேயே முடிக்கலாம், வேலையில் அமர்ந்துகொண்டும் முடிக்கலாம், முடிக்காமல் விட மட்டும் வழியில்லை போலிருக்கிறது.

இறங்கிப் போனவர்களும் உண்டு. ஷெரில் ஸ்வூப்ஸ் பெண்கள் கூடைப்பந்தின் மாபெரும் பெயர்களில் ஒன்று. டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியபோது முதலில் ஒப்பந்தமானவர், மூன்று முறை அதன் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஹூஸ்டன் அணியோடு நான்கு பட்டங்கள். நைக்கி நிறுவனம் பெண் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஒருவரின் பெயரில் முதன்முதலாகக் காலணி வெளியிட்டதும் அவர் பெயரில்தான். 2013இல் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. மூன்றாவது சீசன் முடிந்தபோது அணியின் பெரும்பாலான பெண்கள் வேறு கல்லூரிக்கு மாற விரும்புவதாகச் செய்தி வந்தது. பல்கலைக்கழகம் விசாரணை நடத்தி, 2016 ஜூலையில் அவரை நீக்கியது. அதே ஹூஸ்டன் அணியில் நான்கு பட்டங்களும் வென்ற டினா தாம்ப்சன், 1997இல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். 2018இல் வர்ஜினியா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது ஸ்டேலி ஆடிய அதே கல்லூரிக்குப் பயிற்சியாளராகப் போய், நான்கு ஆண்டுகளில் வெளியேற வேண்டி வந்தது. செரில் மில்லரின் கதை மூன்றாவது வகை. 1980களில் அவரைப் போல ஆடியவர் இல்லை. 1993இல் தான் படித்த தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்தார், அணியும் நன்றாகவே ஆடியது. இரண்டே ஆண்டுகளில் தொலைக்காட்சி வர்ணனைக்குப் போய்விட்டார். தோல்வி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அவரை நம்பிச் சேர்ந்த முதலாண்டுப் பெண்ணின் இடத்தில் இருந்து பாருங்கள். நட்சத்திரங்களுக்கு எப்போதும் வேறு கதவுகள் திறந்திருக்கும். சாதாரணப் பயிற்சியாளருக்கு அப்படி இல்லை.

நட்சத்திரமாக இருந்தே ஆக வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியோடு 12 தேசியப் பட்டங்கள் வென்ற பயிற்சியாளர் ஜினோ ஆரியம்மா பெரிய ஆட்டக்காரராக அறியப்பட்டவர் அல்லர். மறுபுறம் பேட் சம்மிட் இருக்கிறார். 1974இல், 22 வயதில், டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணியை ஏற்றார். மாதச் சம்பளம் 250 டாலர். வேனை அவரே ஓட்டினார், ஆட்டக்காரர்களின் சீருடையை அவரே துவைத்தார். முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி. பயிற்சியாளராக இருந்துகொண்டே 1976 ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். டென்னசியிலிருந்து ஓய்வு பெற்றபோது கணக்கில் 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும். ஆடிக்கொண்டே பயிற்சி கொடுப்பதை முதலில் செய்தவர் ஸ்டேலி என்று யாராவது சொன்னால் இவரை நினைவுபடுத்துங்கள். ஆனால் சம்மிட் தவறுகள் செய்து கற்றுக்கொண்ட காலத்தில் அரங்கம் காலியாக இருந்தது. பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேர் பார்த்தார்கள். கல்லூரி ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்களைவிட அதிகம், அதுவும் முதன்முறையாக. கல்லூரிகள் இன்று நட்சத்திரப் பெயர்களைத் தேடி ஓடுவதற்கு இதுதான் காரணம். அதே காரணத்தால் அந்த நட்சத்திரத்துக்குக் கற்றுக்கொள்ளக் கொடுக்கப்படும் அவகாசமும் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

இதையும் சொல்ல வேண்டும். பெண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளர் வருவதே அங்கு அப்படி எளிதாக நடந்துவிடவில்லை. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தபோது, கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்களாக இருந்தார்கள். சட்டத்தால் பணமும் சம்பளமும் வந்தன. கூடவே ஆண்களும் வந்தார்கள்; பெண் பயிற்சியாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே முன்னாள் வீராங்கனை ஒருவருக்கு இந்த நாற்காலி கிடைக்கும்போது என் மனம் முதலில் மகிழத்தான் செய்கிறது. 1999இல் பர்டியூ பல்கலைக்கழக அணியோடு பட்டம் வென்ற கரோலின் பெக், கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்மட்டமான முதல் பிரிவில் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் பயிற்சியாளர். வெற்றிக்குப் பின் வழக்கப்படி வளையத்தில் இருந்து அறுத்தெடுத்த வலையில் ஒரு துண்டை அவர் பல ஆண்டுகள் கழித்து ஸ்டேலிக்குக் கொடுத்தார். நீயும் வென்ற பிறகு திருப்பிக் கொடு என்ற கணக்கில். 2017இல் வென்ற பிறகு ஸ்டேலி தன் வலையைத் துண்டு துண்டாக்கிக் கறுப்பினப் பெண் பயிற்சியாளர்கள் பலருக்கு அனுப்பிவைத்தார். உங்கள் மகளின் புதிய பயிற்சியாளருக்கும் இப்படி ஒரு வரிசையில் நிற்கும் உரிமை உண்டு. ஆனால் நான் மகிழ்வது வேறு, நீங்கள் கையெழுத்துப் போடுவது வேறு.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்து வைக்கிறேன். நட்சத்திரப் பெயர் ஆள் சேர்க்க உதவும்: இது உறுதி. பதினாறு வயதுப் பெண்ணின் வீட்டு வரவேற்பறையில் ஒலிம்பிக் பதக்கக்காரர் வந்து உட்கார்ந்தால் அதன் எடையே வேறு. உங்களுக்கே அது நடந்திருக்கிறது. அந்த எடை முதல் ஓரிரு ஆண்டுகளோடு கரைந்துவிடும் என்பதும் ஏறக்குறைய உறுதி. ஏனென்றால் அதற்குள் அங்கே ஆடும் பெண்களே மற்றவர்களிடம் பேசத் தொடங்கிவிடுவார்கள். கல்லூரி வேலையில் பாதிக்கு மேல் களத்துக்கு வெளியே நடக்கிறது என்பதும் உறுதி: ஆள் தேடுவது, அவர்களின் படிப்பைக் கவனிப்பது, வீட்டைப் பிரிந்து அழும் பெண்ணிடம் பேசுவது, பெற்றோரின் தொலைபேசி. தொழில்முறை ஆட்டத்தில் இருந்து நேரே வருபவருக்கு இவற்றில் எதையும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். முன்னாள் ஆட்டக்காரர் கரா லாசன் 2020இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக வருவதற்குமுன் தொலைக்காட்சியில் ஆட்டத்தை அலசிச் சொல்லும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தார். பாஸ்டனின் என்.பி.ஏ. ஆண்கள் அணியில் ஓராண்டு உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தார். ஆட்டத்தை வாயால் விளக்குவதே தொழிலாக இருந்தவர் என்பதால் அவர் வேகமாகத் தேறியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உங்கள் பயிற்சியாளர் இப்படி எதையாவது செய்திருக்கிறாரா என்று பாருங்கள். வர்ணனை, சிறுவர் முகாம், எதுவானாலும் சரி.

ஊகம் என்று நான் வைப்பது இது: பாயிண்ட் கார்டாக ஆடியவர்கள் பயிற்சியாளராக எளிதில் மாறுகிறார்கள் என்பது எங்கள் வட்டாரத்தில் அடிக்கடி சொல்லப்படும் கருத்து. பந்தை மேலே கொண்டுவந்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி, மற்ற நால்வரையும் ஆட்டிவைக்கும் இடம் அது. பாதிப் பயிற்சியாளர் வேலைதான். ஸ்டேலி, மல்கி இருவரும் அந்த இடத்தில் ஆடியவர்கள். நாட்டர் டேம் பல்கலைக்கழக அணிக்கு 2020இல் தலைமைப் பயிற்சியாளரான நீல் ஐவியும் அப்படியே. ஸ்வூப்ஸ், தாம்ப்சன், மில்லர் மூவரும் முன்வரிசையில் ஆடியவர்கள். அழகாகப் பொருந்துகிறது, இல்லையா? அதனால்தான் சந்தேகப்படுகிறேன். ஆறேழு பேரை வைத்து எந்த விதியையும் எழுதிவிடலாம். முன்வரிசையில் ஆடிய சம்மிட் ஒருவரே இதைக் கவிழ்த்துவிடுகிறார். உங்கள் நட்சத்திரம் எந்த இடத்தில் ஆடினார் என்பதை ஒரு சின்ன நல்ல சகுனமாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பொதுவாகவே, ஸ்டேலியைப் போல வென்றவர்களின் கதையை நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். இரண்டு ஆண்டுகளில் சத்தமில்லாமல் போனவர்களை எண்ணுவதில்லை. ஆகவே இத்தனை சதவீதம் பேர் தேறுவார்கள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி, என்ன செய்வது? கல்லூரியைப் பார்க்க அழைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள். அரங்கத்தையும் புதிய உடை அறையையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, ஒரு முழுப் பயிற்சியை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மேலே, ஓரமாக உட்காருங்கள். நன்றாக ஆடும் பெண்களைப் பார்க்காதீர்கள். அணியில் பத்தாவது, பதினோராவது இடத்தில் இருக்கும் பெண் ஒருத்தி இருப்பாள். அவள் தவறு செய்யும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பயிற்சியாளர் களத்தில் இறங்கித் தானே செய்து காட்டுகிறாரா, அவளைச் செய்ய வைக்கிறாரா? அதே விஷயத்தை இரண்டாவது முறை சொல்லும்போது வேறு சொற்களில் சொல்கிறாரா, அதே சொற்களை இன்னும் உரக்கச் சொல்கிறாரா? முப்பது நிமிடம் போதும், உங்களுக்கே தெரிந்துவிடும். கூடைப்பந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெற்றோருக்கு இது நன்றாகவே புரியும்.

உதவித்தொகை ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா என்று எழுத்தில் கேளுங்கள். 2012 முதல் பல ஆண்டுகளுக்குத் தர அனுமதி இருக்கிறது; ஆனால் எல்லாக் கல்லூரியும் தருவதில்லை. பயிற்சியாளர் போய்விட்டாலும் உதவித்தொகை தொடருமா என்று இரண்டாவதாகக் கேளுங்கள். மாறிப்போவதைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். முன்பெல்லாம் வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருக்கும். 2021க்குப் பிறகு அந்தத் தடை தளர்ந்துவிட்டது. ஆனால் அதே கதவு வழியாக, உங்கள் மகளின் இடத்துக்கு வேறு கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடி முடித்த பெண்ணும் உள்ளே வரலாம். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் படிக்க விரும்பும் பாடம் அங்கே நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியை உங்கள் கடிதத்தில் காணவில்லை. முழங்காலில் ஒரு தசைநார் அறுந்தால் மிஞ்சுவது அதுதான். இருபத்தாறு ஆண்டுகளில் பல வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து இதைச் சொல்ல நேர்ந்திருக்கிறது, அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, அங்கே போகும்போது தலைமைப் பயிற்சியாளரோடு புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகு, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப்போவது யார் என்று கேளுங்கள். பெயரை வாங்கி வாருங்கள். அவர் எத்தனை ஆண்டு எங்கே பயிற்சி கொடுத்தார், முன்பு அவரிடம் ஆடிய பெண்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு மாலையில் தேடி எடுத்துவிடலாம். நட்சத்திரத்தின் பழைய அணித்தோழி, நெருங்கிய சிநேகிதி என்ற வகை ஆட்கள் மட்டுமே அந்த வரிசையில் இருந்தால் எனக்கு யோசனையாக இருக்கும். தலை நரைத்த, நாலு கல்லூரியில் அடிபட்ட, நட்சத்திரத்தின் முகத்துக்கு நேரே "இது தவறு" என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால், அனுப்பும் பக்கமே நான் சாய்வேன். யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். மீதியை அப்போது பேசலாம்.